தைரொயிட் ஓமோன் ஈரல் கலத்தின் ஜீன்களை எப்படி இயக்குகிறது? குருதியிலிருந்து தூது ஆர்என்ஏ வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். ரிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் கபச் சுரப்பி ஓமோன்; தைரொயிட் ஓமோன் குறைந்தால் இது கூடும்) கூடியிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே கொலஸ்திரோலும் கூடியிருக்கும். கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் குருதிக் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? பதில் ஈரலில், அதிலும் ஈரல் கலத்தின் கருவுக்குள் இருக்கிறது.

உயர்தர உயிரியல் முடித்துவிட்டு வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ மட்டக்களப்பு நகரிலோ மருத்துவம், உயிரியல், ஆய்வுகூடத் துறை என்று படிக்கும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். தைரொட்சின் அனுசேப வீதத்தைக் கூட்டும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரி சரிதான். ஆனால் எந்த ஜீன், எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் என்று யாராவது கேட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இதில் நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்று. குருதியில் ஓமோன் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதைதான். உன்னிச்சைக் குளம் நிறைந்துவிட்டதால் கடைசி வயலுக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டார். நடுவில் எத்தனை மதகு, எது திறந்திருக்கிறது என்றுதான் கேட்பார். ஈரல் கலத்திடமும் அதைத்தான் படிப்படியாகக் கேட்கப் போகிறோம்.

படி 1: எந்த ஓமோன் என்று முதலில் பிரியுங்கள்

தைரொயிட் சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது ரி4. நான்கு அயடீன் அணுக்கள் கொண்ட இதுதான் தைரொட்சின். கருவுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் ரி3, அதில் மூன்று அயடீன் அணுக்கள். கருவுக்குள் ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிப் புரதம் ரி4ஐ விட ரி3ஐப் பத்து மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். குருதியில் சுற்றும் ரி3இல் ஏறத்தாழ 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, ரி4இலிருந்து ஒரு அயடீனைக் கழற்றி உருவானது.

கழற்றும் வேலையைச் செய்யும் நொதியங்கள் டீஅயடினேசுகள். ஈரலில் முக்கியமானது முதல் வகை. இதன் செயல் மையத்தில் செலேனியம் இருக்கிறது. மீனில் செலேனியம் உண்டு, எங்கள் பக்கம் மீனுக்குக் குறைவில்லை. மூன்றாம் வகை நொதியம் எதிர்த்திசையில் வேலை செய்யும். அது பிழையான பக்கத்து அயடீனைக் கழற்றி, வாங்கி கண்டுகொள்ளாத 'தலைகீழ் ரி3' ஆக்கிவிடும். பட்டினியிலும் கடும் நோயிலும் முதல் வகை குறைகிறது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்குத் தைரொயிட்டில் எந்த வருத்தமும் இல்லாமலே ரி3 இறங்கிப்போய்க் கிடக்கும்.

மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் தைரொயிட் கெடுமா என்று கேட்காத மாணவர் இல்லை. கிழங்கிலிருந்து வரும் தயோசயனேற்று, அயடைட்டு சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். அயடீன் போதாத இடத்தில்தான் அது பெரிய சிக்கல். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். எப்படியும் அது கழுத்தில் நடக்கும் கதை. நாம் ஈரலுக்குப் போவோம்.

படி 2: கலத்துக்குள் நுழையும் வாசல்

குருதியில் ஓமோன் தனியாகத் திரிவதில்லை. தைரொட்சின் பிணைக்கும் குளோபுலின், டிரான்ஸ்தைரெடின், அல்புமின் ஆகிய மூன்று புரதங்கள் அதைச் சுமக்கின்றன. மூன்றுமே ஈரல் செய்பவை. ரி4இல் ஏறத்தாழ 0.02 சதவீதமும் ரி3இல் 0.3 சதவீதமும்தான் சுதந்திரமாக இருக்கும். கலத்துக்குள் போக முடிவது அந்தச் சிறு பங்குக்குத்தான்.

கொழுப்பில் கரையும் மூலக்கூறு, மென்சவ்வைத் தானே கடந்துவிடும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். அதை அடித்துவிடுங்கள். கடத்திப் புரதங்கள் தேவை: எம்சிரி8, எம்சிரி10, ஈரலில் ஓஏரிபி குடும்பத்தவை. படி 7இல் ஒரு மருந்தைப் பற்றிப் பேசும்போது கடைசிப் பெயர் உதவும்.

படி 3: எந்த வாங்கி?

தைரொயிட் ஓமோன் வாங்கிகளுக்கு மனிதரில் இரண்டு ஜீன்கள். அல்பா வாங்கியின் ஜீன் 17ஆம் நிறமூர்த்தத்தில், பீட்டா வாங்கியின் ஜீன் 3ஆம் நிறமூர்த்தத்தில். இதயத்திலும் எலும்பிலும் அல்பா மேலோங்கி இருக்கிறது; ஈரலில் பெரும்பங்கு பீட்டா1. இந்த ஒரு வேறுபாட்டின் மீதுதான் இன்றைய மருந்து ஆராய்ச்சியே நிற்கிறது.

வாங்கி கருவுக்குள் இருக்கிறது என்பதை மனிதர் கண்டுபிடித்தது சுற்றுவழியில். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ஜம்ஷெட் டாட்டா, எலிகளுக்கு ரி3 கொடுத்தால் முதலில் ஈரலின் கருவில் ஆர்என்ஏ உற்பத்தி கூடுகிறது, அதன் பிறகே அனுசேப வீதம் ஏறுகிறது என்று காட்டினார். ஓமோன் நேரே இழைமணிக்குப் போய் வேலை செய்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. 1970களில் ஓப்பன்ஹைமரும் சாமுவேல்ஸும் கருவில் ரி3 ஒட்டும் இடங்களைக் கண்டார்கள். 1986இல் ரொனால்ட் எவன்ஸின் குழுவும் பியோர்ன் வென்ஸ்ட்ரோமின் குழுவும் தனித்தனியே வாங்கியின் ஜீனைப் பிடித்தன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமான அதே ஆண்டு. ஆண்டை மறக்கும் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிவைப்பேன்.

படி 4: டிஎன்ஏயில் எங்கே உட்காருகிறது?

வாங்கி தேடுவது ஆறு எழுத்துத் துண்டு: ஏ-ஜி-ஜி-ரி-சி-ஏ. பொதுவாக இந்தத் துண்டு இரண்டு முறை, ஒரே திசையில், நடுவே நான்கு எழுத்து இடைவெளியுடன் வரும். ஒரு துண்டில் தைரொயிட் வாங்கி, மற்றதில் அதன் கூட்டாளி ஆர்எக்ஸ்ஆர். இடைவெளி நான்கு என்பதை மனதில் வையுங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து என்று மாறினால் வேறு வாங்கிகள் வந்து உட்காரும். நான்கு என்றாலும் முழு உரிமை இல்லை. கொலஸ்திரோலின் வழிப்பொருட்களை உணரும் எல்எக்ஸ்ஆர் வாங்கியும் இதே இடைவெளியைத்தான் விரும்புகிறது. ஒரு ஜீனின் அருகே இந்த எழுத்துவரிசை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து 'இது தைரொயிட்டின் ஜீன்' என்று முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

படி 5: ஓமோன் வருமுன் என்ன, வந்தபின் என்ன

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கோட்டிசோல் போன்றவற்றின் வாங்கி, ஓமோன் வரும்வரை கருவுக்கு வெளியே காத்திருக்கும். தைரொயிட் வாங்கி அப்படியல்ல. ஓமோன் இல்லாவிட்டாலும் டிஎன்ஏமேல் உட்கார்ந்திருக்கும், அதுவும் சும்மா இருக்காது. என்கோர், ஸ்மார்ட் எனப்படும் அடக்கிப் புரதங்களை அழைத்து வைத்துக்கொள்ளும். அவற்றோடு வரும் எச்டிஏசி3 நொதியம், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களிலிருந்து அசற்றைல் கூட்டங்களைக் கழற்றும். டிஎன்ஏ சுற்று இறுகும். ஜீன் அடங்கிக் கிடக்கும்.

ரி3 வாங்கியின் குழிக்குள் போய் அமர்ந்ததும் புரதத்தின் பன்னிரண்டாவது சுருள் உள்ளே மடிந்து குழியை மூடுகிறது. அந்த மடிப்பால் வாங்கியின் மேற்பரப்பு மாறிவிடுகிறது. அடக்கிகள் ஒட்டியிருந்த இடம் குலைந்து, எஸ்ஆர்சி1, பி300 போன்ற துணை ஊக்கிகள் ஒட்டும் இடம் உருவாகிறது. இவை ஹிஸ்டோன்களுக்கு மீண்டும் அசற்றைல் ஏற்றுகின்றன. மீடியேட்டர் எனும் பெரிய புரதக் கூட்டம் வந்து ஆர்என்ஏ பொலிமரேசை இழுத்துக் கொடுக்கிறது. படியெடுப்பு தொடங்குகிறது.

அடக்குவது உண்மையிலேயே முக்கியமா, அல்லது படத்துக்காகச் சொல்வதா என்று சந்தேகம் வரலாம். தைரொயிட் சுரப்பியே வளராத சுண்டெலிக் குட்டிகளுக்கு ஓமோன் கொடுக்காவிட்டால், அவை பால்மறக்கும் வயதளவில் இறந்துபோகின்றன. இரண்டு வாங்கிகளும் இல்லாத சுண்டெலிகளோ உயிர் வாழ்கின்றன. ஓமோன் இல்லாத வெறும் வாங்கி, வாங்கியே இல்லாததைவிட மோசம்! ஓமோன் குறையும்போது ஜீன்கள் தாமாக ஓய்ந்துபோவதில்லை, அழுத்திப் பிடிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

மேலே சொன்னது பாடப்புத்தகப் படம். ஈரல் கலத்தின் டிஎன்ஏ முழுவதிலும் வாங்கி உட்காரும் இடங்களை வரைந்த அண்மைய ஆய்வுகள் அதைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன. ரி3 வந்தபின் வாங்கி புதிய இடங்களுக்கும் வருகிறது, பழைய இடங்களில் கூடுதலாகச் சேர்கிறது. அடக்கிகளும் முற்றாக ஓடிவிடுவதில்லை, ஊக்கிகளுக்கும் அவற்றுக்கும் இடையிலான விகிதம்தான் சாய்கிறது. பரீட்சைக்குப் பழைய படம் போதும். ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் போகிறவர் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கருவுக்குப் போகாமல் மென்சவ்விலேயே ஓமோன் செய்யும் விரைவான வேலைகளும் உண்டு. இங்கே அவற்றைத் தொடவில்லை.

படி 6: ஈரலில் எந்த ஜீன்கள்?

முதலில் டீஅயடினேஸ் முதல் வகையின் ஜீன். ரி3 வந்தால் இது கூடும், கூடினால் ரி4 இன்னும் வேகமாக ரி3 ஆகும். ஈரலில் தைரொயிட் ஓமோன் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடங்கள் முதலில் நாடுவது இதைத்தான்.

அடுத்தது ஸ்பொட்14. எலியின் ஈரலில் ரி3 கொடுத்து அரை மணி நேரத்துக்குள்ளேயே இதன் ஆர்என்ஏ ஏறத் தொடங்கும். இந்த ஜீன் கொழுப்புத் தயாரிப்போடு தொடர்புடையது. மாலிக் நொதியம், கொழுப்பமிலத் தொகுப்பு நொதியம் ஆகியவையும் ரி3ஆல் கூடுகின்றன. சரி, அப்படியென்றால் ரி3 ஈரலில் கொழுப்பைக் கூட்ட வேண்டுமே? ஆனால் அதே ரி3 சிபிரி1ஏ எனும் நொதியத்தின் ஜீனையும் கூட்டுகிறது. அது இழைமணியின் வெளிச்சவ்வில் நின்று, கொழுப்பமிலங்களை எரிப்பதற்காக உள்ளே அனுப்புவது. ஆக்குவதும் எரிப்பதும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. வீண்வேலை போலத் தோன்றும் இந்தச் சுழற்சி, தைரொயிட் கூடியவர்களுக்கு உடல் சுடுவதற்கான காரணங்களில் ஒன்று. ஈரலின் மொத்தக் கணக்கில் எரிப்பதே மேலோங்குகிறது. தைரொயிட் குறைந்தவர்களின் ஈரலில் கொழுப்புப் படிவது கூடுதலாகக் காணப்படுவதும் இதோடு பொருந்துகிறது.

இப்போது கிளினிக் கொப்பிக்குத் திரும்புவோம். 'கெட்ட கொலஸ்திரோல்' எனப்படும் எல்டிஎல் கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து ஈரலுக்குள் இழுப்பது ஈரல் மென்சவ்விலுள்ள எல்டிஎல் வாங்கி. அதன் ஜீனை ரி3 இரண்டு வழியில் தூக்குகிறது: நேரடியாகவும், எஸ்ஆர்ஈபிபி2 எனும் இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதத்தின் ஊடாகவும். ஓமோன் குறைந்தால் எல்டிஎல் வாங்கி குறையும். எல்டிஎல் குருதியிலேயே தேங்கும்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து அம்மா ஒருவர் பயிற்சியில் இருந்த மாணவனிடம் கேட்டாராம்: "மனே, நான் இறைச்சி தொடுறதே இல்ல, பிறகு என்னெண்டு இது கூடும்?" நல்ல கேள்வி. "அம்மா, நீங்க கூடச் சாப்பிட்டதால இல்ல, இருக்கிறத ஈரல் எடுக்காததால கூடுது" என்று சொல்லத் தெரிந்தால் இந்தப் பகுதி புரிந்துவிட்டது. கொலஸ்திரோல் மாத்திரையைத் தொடங்குமுன் ரிஎஸ்எச் பார்க்கச் சொல்வதன் நியாயமும் இதுதான். தைரொயிட் குறைவைச் சரிசெய்தாலே பலருக்கு எல்டிஎல் இறங்கும்.

கொலஸ்திரோலைப் பித்த அமிலமாக மாற்றும் சிவைபி7ஏ1 ஜீனையும் பட்டியலில் பலர் சேர்ப்பார்கள். எலியில் ரி3 அதைக் கூட்டுவது தெளிவு. மனிதரில் படம் அவ்வளவு நேராக இல்லை. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றுவது இந்தத் துறையின் பழைய நோய்.

கடைசியாக எஸ்எச்பிஜி. பாலியல் ஓமோன்களைக் குருதியில் சுமக்கும் புரதம், ஈரல் செய்து வெளியே விடுவது. இதன் ஜீன் ரி3ஆல் கூடுகிறது, ஆனால் நேரடியாக அல்ல. எச்என்எஃப்4அல்பா எனும் இடைப்புரதம் வழியாக. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன்? ரிஎஸ்எச் கபச் சுரப்பி ஓமோனை எப்படி உணர்கிறது என்று சொல்கிறது. எஸ்எச்பிஜி ஈரல் எப்படி உணர்கிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. பீட்டா வாங்கியின் ஜீனில் பிறழ்வு உள்ளவர்களுக்குக் குருதியில் ஓமோன் கூடியிருந்தும் எஸ்எச்பிஜி பெரும்பாலும் சாதாரண அளவிலேயே நிற்கும். குளம் நிறைந்திருக்கிறது, மதகு திறக்கவில்லை.

படி 7: மருந்தாகும்போது

ரி3ஐயே கூட்டிக் கொடுத்து ஈரல் கொழுப்பையும் எல்டிஎல்லையும் குறைக்கலாமே? குறையும், கூடவே இதயம் படபடக்கும், எலும்பு தேயும். அவை அல்பா வாங்கியின் வேலை. ஆகவே பீட்டாவை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தேடினார்கள். ரெஸ்மெடிரோம் அதில் ஒன்று. ஓஏரிபி கடத்திகள் வழியாக ஈரலுக்குள் போகிறது. 2024 மார்ச்சில், ஈரல் கொழுப்பு அழற்சியால் மிதமானது முதல் முற்றியது வரையான நார்த்தழும்பு கொண்ட, ஆனால் ஈரல் சிரோசிஸ் இல்லாத நோயாளிகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மருந்து ஈரலில் வேலை செய்கிறதா என்று பார்க்க எஸ்எச்பிஜி ஏறுகிறதா என்றும் அளந்தார்கள். கொழுப்பு ஈரல் இருக்கிறது என்பதற்காகத் தைரொட்சின் குளிசையைக் கூட்டிப் போட்டால் இந்தப் பலன் வராது, இதயம்தான் அடிவாங்கும்.

படி 8: ஆய்வுகூட மேசையில்

கலங்களில் இதைச் செய்து பார்க்க முதலில் கலத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். எளிதில் கிடைப்பது ஹெப்ஜி2, ஈரல் கட்டியிலிருந்து வந்த கல வரிசை. அதில் தைரொயிட் வாங்கி குறைவு. அதனால்தான் பல ஆய்வுகளில் வாங்கியின் ஜீனைத் தனியாகப் புகுத்திய ஹெப்ஜி2வைப் பயன்படுத்துகிறார்கள். இதைக் கவனிக்காமல் 'ரி3க்கு எந்த மாற்றமும் இல்லை' என்று எழுதினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

அடுத்து ஊடகம். வழக்கமாகச் சேர்க்கும் கன்றுச் சீரத்திலேயே ரி3, ரி4 இருக்கின்றன. கரியாலோ அயன் பரிமாற்றப் பிசினாலோ அவற்றை அகற்றிய சீரத்தில் கலங்களை ஒன்றிரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் ஓமோன் சேர்க்க வேண்டும். ஒப்பீட்டுக் கிண்ணத்துக்கு ரி3 கரைத்த அதே கரைப்பானை அதே அளவில் விடுங்கள்.

ரி3 நீரில் இலேசில் கரையாது. ஐதான சோடியம் ஐதரொட்சைட்டிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைப்பார்கள். அதன் மூலர்த் திணிவு 651. 1 மில்லிமூலர்க் கரைசலுக்கு 10 மில்லிலீற்றரில் 6.51 மில்லிகிராம். போத்தலில் சோடியம் உப்பு என்று எழுதியிருந்தால் 673ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். இதை 10 மைக்ரோமூலராக ஐதாக்கி, 10 மில்லிலீற்றர் ஊடகத்துக்கு 10 மைக்ரோலீற்றர் விட்டால் 10 நனோமூலர் கிடைக்கும். கட்டுரைகளில் அடிக்கடி காணும் செறிவு இது. மனிதக் குருதியில் சுதந்திர ரி3 லீற்றருக்கு ஏறத்தாழ 5 பிக்கோமூல். அதாவது கிண்ணத்தில் இருப்பது 2000 மடங்கு. ஊடகத்தின் புரதங்கள் கொஞ்சம் பிடித்துவைக்கும் என்றாலும் இடைவெளி பெரியது. 1, 10, 100 நனோமூலர் என்று படிநிலையாகச் செய்து, குறைந்த செறிவிலும் விளைவு தெரிகிறதா என்று காட்டும் கட்டுரைக்கே நான் கூட மதிப்புக் கொடுப்பேன்.

2, 6, 24 மணி நேரங்களில் ஆர்என்ஏ எடுத்து, அளவறி பிசிஆர். கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்ப்போம். ரி3 இல்லாத கலத்தில் ஸ்பொட்14இன் சிரி மதிப்பு (கருவி கண்டுகொள்ளும் அளவுக்குப் பெருக எடுத்த சுற்றுகளின் எண்ணிக்கை) 26, ரி3ஆல் மாறாதது என்று கருதும் ஒப்பீட்டு ஜீனுக்கு 18, வித்தியாசம் 8. ரி3 கொடுத்ததில் 23.5, 18, வித்தியாசம் 5.5. இரண்டுக்கும் இடையே 2.5 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பதால் 2இன் 2.5ஆம் அடுக்கு, ஏறத்தாழ 5.7 மடங்கு ஏற்றம். ஒப்பீட்டு ஜீன் இரண்டிலும் 18ஆகவே நின்றதைப் பாருங்கள். ரி3 அதையும் அசைத்திருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு ஜீன்களை முன்கூட்டியே சோதித்து வைப்பது நல்லது.

நேரடி விளைவா, இடையாள் வழியாகவா என்று பிரிக்க, புரதத் தொகுப்பை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைட்டைச் சேர்த்து மீண்டும் செய்ய வேண்டும். புதுப் புரதம் உருவாகாமலே ஜீன் ஏறினால் நேரடி விளைவுக்கான வாய்ப்பு அதிகம். வாங்கி அந்த ஜீனின் அருகே உண்மையில் உட்கார்ந்திருக்கிறதா என்பதைக் குரோமற்றின் வீழ்படிவுச் சோதனை காட்டும்.

படி 9: ஒரு பயிற்சி

மூன்று ஜீன்களின் தரவு உங்கள் கையில் என்று வையுங்கள். 'அ' 2 மணியிலேயே ஏறுகிறது, சைக்ளோஹெக்சிமைட்டிலும் ஏறுகிறது, அருகே வாங்கி இருக்கிறது. தயங்காமல் நேரடி என்று எழுதலாம்.

'ஆ' 6 மணியில் அசையவில்லை, 24 மணியில் ஏறுகிறது, சைக்ளோஹெக்சிமைட்டில் ஏறவில்லை. எஸ்எச்பிஜியை நினைத்துக்கொள்ளுங்கள்: இடையில் ஒரு புரதம் இருக்கிறது. 24 மணிக்குள் கூடிய மற்ற ஜீன்களில் அந்த இடையாளைத் தேடி, அதன் ஜீனை அடக்கிப் பார்ப்பதுதான் அடுத்த சோதனை.

'இ' 6 மணியில் இறங்குகிறது, சைக்ளோஹெக்சிமைட்டிலும் இறங்குகிறது, ஆனால் அருகே வாங்கி எங்கும் தெரியவில்லை. இங்கே அவசரப்படக் கூடாது. ஓமோனால் இறங்கும் ஜீன்கள் ஏறுபவற்றைவிடச் சிக்கலானவை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பொறிமுறை இல்லை. கட்டுப்பாட்டுத் துண்டு ஜீனிலிருந்து பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கலாம். ஊக்கிகள் வேறு ஜீன்களுக்குப் போய்விட்டதால் இது வறண்டிருக்கலாம். அல்லது படியெடுப்பு மாறாமல், தூது ஆர்என்ஏ வேகமாக உடைந்துகொண்டும் இருக்கலாம். கடைசியதை முதலில் விலக்குவது இலகு: அக்டினோமைசின் டி சேர்த்துப் படியெடுப்பை நிறுத்தி, ரி3 உள்ள கிண்ணத்திலும் இல்லாத கிண்ணத்திலும் எஞ்சிய ஆர்என்ஏ எந்த வேகத்தில் குறைகிறது என்று மணிக்கொரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் குறைந்தால் உடைவதில் மாற்றமில்லை. அப்புறம்தான் தொலைவிலுள்ள துண்டுகளைத் தேடிப் போக வேண்டும்.